ஆட்ரி ஹெப்பர்ன் பூர்வீகத்த பாளையங்கோட்டைல இருந்து தேடுனேன்: ஃபேமிலிசர்ச் எப்படி இருக்கு?

மொதல்லயே சொல்லிருதேன், வம்சாவளி தேடுற ஃபேமிலிசர்ச்ங்கிற சைட்டுக்கு நான் அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஆனா அந்த நாலும் அதுக்குள்ள கெடக்குற பழைய ரெஜிஸ்டர் படங்களுக்குத்தான். எல்லாரும் வாயப் பொளந்துகிட்டு பாக்குற அந்த வம்ச மரம் இருக்குல்லா, அதுக்குத் தனியா மார்க் போடச் சொன்னா ஒண்ணர கூட தர மாட்டேன். ஏன்னு கேக்கியளா, கொஞ்சம் பொறுமையா வாங்க, நீளமாத்தான் போகும்.

நான் தேடுனது என் குடும்பத்த இல்ல, பழைய ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் குடும்பத்த. எங்க வீட்டுல பழைய இங்கிலீஷ் படம்னா ஆளுக்கொரு கட்சி, எனக்கு ஆட்ரி, எங்க மதினிக்கு இன்கிரிட் பெர்க்மன். ஆட்ரி எந்த ஊர்க்காரின்னு ஒரு நாள் பேச்சு வந்துச்சு, மதினி இங்கிலீஷ்காரிங்கா, தம்பி ஹாலந்துங்கான், அண்ணன் ஃபோனத் தட்டிப் பாத்துட்டு பெல்ஜியம்னு போட்டுருக்குங்காவ. சரி, இதுக்கு எவன்கிட்டயும் கேக்க வேண்டாம், பதிவேட்டுலயே பாத்துருவோம்னு உக்காந்துட்டேன். ஒரு பழைய லேப்டாப்பு, ஃபோன் ஹாட்ஸ்பாட்டு, ராத்திரி சாப்பாடு முடிஞ்ச பொறவு கெடைக்கிற நேரம், இவ்வளவுதான் நம்ம முதலீடு.

சைட்டப் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இத நடத்துறது அமெரிக்கால சால்ட் லேக் சிட்டில இருக்க மார்மன் சபை. செத்துப்போன முன்னோருக்காக உயிரோட இருக்கவங்க ஞானஸ்நானம் எடுக்குற வழக்கம் அவங்க மார்க்கத்துல உண்டு, அதுக்கு முன்னோர் யாருன்னு தெரியணும்லா, அதனால 1894-லயே ஒரு சங்கம் வச்சு, 1938-ல இருந்து மைக்ரோஃபிலிம் கேமராவத் தூக்கிகிட்டு நாடு நாடாப் போயி கோயில் ரெஜிஸ்டர், கல்யாணப் பதிவு, கோர்ட்டு பேப்பர்னு படம் புடிச்சு சேத்துருக்காவ. மொத்தம் 24 லட்சம் சுருளு. அம்புட்டையும் டிஜிட்டலா மாத்தி முடிச்சது 2021-ல. நாம மார்மனா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, ஈமெயில் குடுத்து ஒரு அக்கவுண்டு போட்டா போதும், காசு கேக்கல, கார்டு நம்பர் கேக்கல. இலவசம்னு போட்டுட்டு உள்ள போனா பூட்டுப் போட்டு வச்சிருக்குற கத நமக்குத் தெரிஞ்சதுதான், இது அப்படி இல்ல. சில படத்துக்கு மட்டும் பக்கத்துல ஒரு சாவி படம் காட்டும், அதெல்லாம் அவங்க மையத்துக்கோ அவங்களோட சேந்த நூலகத்துக்கோ நேர்ல போனாதான் தெறக்கும், ஏன்னா மூலப் பதிவ வச்சிருக்க ஆவணக்காப்பகம் போட்ட கண்டிஷன் அது.

இப்ப மரத்துக்கு வருவோம். ஃபேமிலிசர்ச்ல ஆளுக்கொரு மரம் கெடையாது, உலகத்துக்கே ஒரே மரம். செத்துப்போனவங்க பக்கத்த அக்கவுண்டு வச்சிருக்க யாரு வேணாலும் திருத்தலாம். அப்பா பேர மாத்தலாம், பொண்டாட்டிய மாத்தலாம், புள்ளைகள இங்கேருந்து பிச்சு அங்க ஒட்டலாம். நம்மூரு பஸ் ஸ்டாண்டு சுவரு மாதிரிதான், ஒருத்தன் போஸ்டர் ஒட்டுவான், அடுத்தவன் அது மேல ஒட்டுவான், கிழிச்சு கிழிச்சு அடில என்ன இருக்குன்னு நாமதான் பாக்கணும். அதுலயும் ஐரோப்பா பிரபுக் குடும்பம்னா கேக்கவே வேண்டாம், மேல ஏற ஏற ஒரு பிரபு, ஒரு இளவரசன், இன்னும் ஏறுனா ஒரு ராஜா, அப்படியே சார்லமேன் சக்கரவர்த்தி வரைக்கும் கொண்டு போயி விட்டுருவாவ. பாக்க அழகா விசிறி மாதிரி கலர் கலரா விரியும். ஒவ்வொரு பெட்டியிலயும் மூலம்னு ஒரு இடம் இருக்கும், அதத் தொட்டுப் பாருங்க, பாதிக்கு மேல ஒண்ணும் இருக்காது, இல்லன்னா இன்னொருத்தர் போட்ட மரத்தையே மூலம்னு காட்டிருப்பாவ.

இது ஏன் ஆட்ரி விஷயத்துல முக்கியம்னா, அந்த அம்மா பேர்லயே கோளாறு இருக்கு. ஹெப்பர்ன்ங்கிறது பிறந்தப்ப வச்ச பேரே இல்ல. 1929 மே 4-ல பிரஸ்ஸல்ஸ் பக்கத்து இக்ஸெல்ல பிறந்தப்ப பதிஞ்ச பேரு ஆட்ரி கேத்லீன் ரஸ்டன். அப்பா பேரு ஜோசப் விக்டர் ஆண்டனி ரஸ்டன், அந்த ஆளுதான் பின்னாடி ரஸ்டனுக்கு முன்னால ஹெப்பர்ன்னு சேத்துகிட்டாரு. ஏன் சேத்தாருன்னா, தான் ஜேம்ஸ் ஹெப்பர்ன் வம்சம்னு ஒரு நெனப்பு. யாரு அந்த ஜேம்ஸ் ஹெப்பர்ன்? ஸ்காட்லாந்து ராணி மேரி இருக்காவல்லா, அவங்களோட மூணாவது புருஷன், பாத்வெல் பிரபு. 1567-ல கல்யாணம், அதே வருஷம் பட்டத்தப் புடுங்கிட்டாவ, ஓடிப்போயி கடைசில 1578-ல டென்மார்க் சிறைல செத்தாரு. சட்டப்படியான வாரிசு ஒண்ணு கூட இல்ல. வாரிசே இல்லாத மனுஷனுக்கு முந்நூத்தம்பது வருஷம் கழிச்சு வம்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் கெடையாது. ஆட்ரியோட வாழ்க்கை வரலாற எழுதுனவங்களும் இத தப்புன்னு சொல்லிட்டாவ. ஆனா பேரு ஒட்டிகிச்சு, அந்தம்மா சினிமாவுக்கு அந்தப் பேர எடுத்துகிட்டு, 1954-ல ஆஸ்கார் வாங்கி, இன்னைக்கு உலகம் பூரா தெரிஞ்ச பேரு அதுதான். ரஸ்டன்னா எவனுக்கும் தெரியாது.

இத படிச்சுட்டு எனக்கு சிரிப்பா வந்துச்சு, ஏன்னா என் பேருக்குப் பின்னாடியும் பர்னாந்துன்னு இருக்கு. முத்துக்குளித்துறைல பிறந்தவங்களுக்குத் தெரியும், பர்னாந்து, ரோட்ரிகோ, மச்சாது, மோத்தா, கொரைரா, மிராண்டா, வாஸ், ரொசாரியோன்னு தூத்துக்குடில இருந்து மணப்பாடு வரைக்கும் தெருவுக்குத் தெரு போர்ச்சுக்கீசு பேரு. 1530-கள்ல பரதவங்க கூட்டங்கூட்டமா ஞானஸ்நானம் வாங்குனப்ப போர்ச்சுக்கீசு பேரையும் வாங்குனாவ. 1542-ல சவேரியார் இங்க வந்து எறங்கும்போதே பேரெல்லாம் வச்சாச்சு. அந்தப் பேரு கோயில்ல குடுத்தது, ரத்தத்துல வந்தது இல்ல. ஆனா எங்க பெரியம்மாகிட்ட சொல்லிப் பாருங்க! நம்ம பூட்டன் லிஸ்பன்ல இருந்து கப்பல்ல வந்தவன்னு ஒரு கத வச்சிருக்கா, மூக்கப் பாரு, நெறத்தப் பாருன்னு சாட்சி வேற. ஜோசப் ரஸ்டனும் எங்க பெரியம்மாவும் ஒரே பெஞ்சுல உக்கார வேண்டிய ஆளுங்க. இந்த மாதிரி மரம் போடுற சைட்டு எல்லாத்துக்கும் உள்ள சீக்கு இதுதான், பேரு ஒண்ணா இருந்தா உறவுன்னு ஆலோசனை காட்டும், நாம பட்டனத் தட்டுனா சேத்துரும். அந்த மெஷினுக்கு பெரியம்மா சொல்றதும் ஒண்ணுதான், கோயில் ரெஜிஸ்டர் சொல்றதும் ஒண்ணுதான்.

சரி, படங்களுக்கு வருவோம், இங்கதான் நாலு மார்க்.

ஆட்ரியோட அம்மா வழி தேடுறது சர்க்கரப் பொங்கல். அம்மா பேரு எல்லா (Ella) வான் ஹீம்ஸ்த்ரா, டச்சு பேரனஸ், அதாவது பிரபுப் பட்டம் உள்ள பொம்பள, 1900 ஜூன் 12-ல வெல்ப்ங்கிற ஊர்ல பிறந்தவங்க. ஹாலந்துல நெப்போலியன் காலத்துல, 1811-ல, நாடு பூரா அரசாங்கப் பதிவு கட்டாயமாச்சு, அதுல இருந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் நகராட்சி வாரியா அச்சு மாதிரி இருக்கு. பிறப்புக்கு 100 வருஷம், கல்யாணத்துக்கு 75, இறப்புக்கு 50 வருஷம் போச்சுன்னா பொதுமக்கள் பாக்கலாம். நீங்க மாட்டுற இடம் ஒண்ணு சொல்லுதேன், வெல்ப்னு ஊர் பேரப் போட்டுத் தேடுனா வராது, ஏன்னா வெல்ப் ஒரு தனி நகராட்சி இல்ல, ரீடன்ங்கிற நகராட்சிக்குள்ள அடங்குன ஊரு, பதிவெல்லாம் ரீடன் பேர்லதான் இருக்கும். அது மாதிரி வான்ங்கிறத குடும்பப் பேரோட சேத்து அடிக்கக் கூடாது, டச்சு சைட்டுங்கள்ல அதுக்குன்னு தனி கட்டம் வச்சிருக்காவ, ஹீம்ஸ்த்ராவ ஹெச்சுலதான் தேடணும், வி-ல தேடுனா நாள் பூரா தேட வேண்டியதுதான்.

இந்த டச்சு வேலைக்கு ஃபேமிலிசர்ச்ச விட நல்ல இடம் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓப்பன் ஆர்கைவ்ஸ், அங்க டச்சு, பெல்ஜியம் ஆவணக்காப்பகங்களோட அட்டவணை எல்லாம் ஒரே இடத்துல கெடைக்கும், சும்மா பேர அடிச்சா போதும். இன்னொண்ணு வீவாஸ்வீ, டச்சு வம்சாவளி மையம் நடத்துறது, சாதாரணத் தேடல் இலவசம், புருஷன் பொண்டாட்டி பேரு ரெண்டையும் சேத்து போட்டுத் தேடுற மாதிரி வசதிக்கெல்லாம் சந்தா. எனக்கு இலவசமே போதுமா இருந்துச்சு. ரெண்டுலயும் மொழி இங்கிலீஷுக்கு மாத்திக்கலாம், பதிவு மட்டும் டச்சுல இருக்கும், ஆனா எல்லாப் பதிவும் ஒரே வாய்ப்பாடு, ஒண்ண மொழிபெயர்த்துப் பாத்துட்டா அடுத்ததுல எந்த வரில அப்பா, எந்த வரில தொழில்னு கண்ணு தானாப் போகும்.

டச்சு கல்யாணப் பதிவுதான் எனக்குப் புடிச்சது. மாப்பிள்ளை பொண்ணு பேரோட ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரு, வயசு, தொழில், இருப்பிடம் எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கும். எல்லாவோட மொதல் கல்யாணம் 1920 மார்ச்சுல ஆர்ன்ஹெம் ஊர்ல, மாப்பிள்ளை குவார்லெஸ் வான் உஃபோர்ட் குடும்பத்து யொங்கியர், அதாவது பேரனஸ் குடும்பத்துப் பட்டத்துக்குக் கீழ உள்ள பிரபு. ரெண்டு பையனுங்க அலெக்ஸாண்டர், இயன், இவங்கதான் ஆட்ரிக்கு அண்ணன்மாரு. 1925-ல விவாகரத்து. எல்லாவோட அப்பா ஆர்னவுட் வான் ஹீம்ஸ்த்ரா சாதாரண ஆளு இல்ல, 1910-ல இருந்து 1920 வரைக்கும் அதே ஆர்ன்ஹெம்முக்கு மேயரு, அப்புறம் 1921-ல இருந்து 1928 வரைக்கும் தென் அமெரிக்கால டச்சுக்காரன் வச்சிருந்த சுரினாமுக்கு கவர்னர். அம்மா எல்பிரிக் வான் ஆஸ்பெக், அவங்களும் பேரனஸ். ஹீம்ஸ்த்ராங்கிறது ஹாலந்துல ஃபிரீஸ்லாந்து பக்கத்து பழைய பிரபுக் குடும்பம். ஹாலந்துல பிரபுக்களுக்குன்னே செவப்பு அட்ட போட்ட ஒரு வரிசப் புத்தகம் 1903-ல இருந்து வருது, அதுல இவங்க வம்சம் தலைமுறை தலைமுறையா அச்சடிச்சே இருக்கு. பணக்காரன் வம்சத்தத் தேடுறதுல என்ன திறமை வேண்டிக்கெடக்கு, அவன் காசு குடுத்து எழுதி வச்சிருக்கான். ஏழை வீட்டுப் புள்ள வம்சந்தான் தேடுறவன் உசுர வாங்கும்.

அப்பா வழிக்குப் போனா ஆட்டம் மாறுது. ஜோசப் ரஸ்டன் பிரிட்டிஷ் குடிமகன், ஆனா இங்கிலாந்துல பிறக்கல. 1889-ல பொஹீமியால, அப்ப ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யம், இப்ப செக் நாடு, உஜிட்செங்கிற ஊர்ல பிறந்தவரு. ஜெர்மன்ல அதுக்கு ஔஷிட்ஸ்னு வேற பேரு. பொஹீமியால உஜிட்சென்னு ரெண்டு ஊரு இருக்கு, அப்ப நாம எந்த ஊரு ரெஜிஸ்டரப் பாக்கணும்? அவரோட அப்பா விக்டர் ஜான் ஜார்ஜ் ரஸ்டன், பாதி பிரிட்டிஷ் பாதி ஆஸ்திரியா. அம்மா அன்னா வெல்ஸ், ஆஸ்திரிய வம்சம், ஆனா பிறந்த ஊரு கோவார்ட்சே, அது இப்ப ஸ்லோவாக்கியா. ஒரே வீட்டுக்கு இன்னைக்குள்ள மேப்புல நாலு நாட்டு ஆவணக்காப்பகத்துக் கதவத் தட்டணும். அங்க அரசாங்கப் பதிவுங்கிறதே ரொம்ப பின்னாடிதான், கோயில் ரெஜிஸ்டர்தான் சட்டப்படியான பதிவு, சில பக்கம் லத்தீன், சில பக்கம் ஜெர்மன், சில பக்கம் செக்கு. ஜெர்மன்ல எழுதுனது எல்லாம் குரெண்ட்னு ஒரு கையெழுத்து, கொக்கி கொக்கியா ஒரே மாதிரி ஓடும், இ-யும் என்-னும் யு-வும் பிரிச்சுத் தெரியாது. நான் அதுக்குன்னு எழுத்து அட்டவணை ஒண்ண பிரிண்ட் எடுத்து பக்கத்துல வச்சுகிட்டுதான் பாத்தேன், ஒரு பக்கம் படிக்க ஒரு ராத்திரி.

இந்த வேலைல ஃபேமிலிசர்ச் கைகுடுத்துச்சான்னா பாதி. கேட்டலாக்னு ஒரு இடம் இருக்கு, அத நெறைய பேரு தொடவே மாட்டாவ. மேல இருக்க தேடல் பெட்டில பேர அடிச்சா, ஆளுங்களோ மெஷினோ படிச்சு அட்டவணை போட்ட பதிவு மட்டுந்தான் வரும். அட்டவணை போடாத படம் ஏராளமா கெடக்கு, அதெல்லாம் கேட்டலாக்ல ஊர் பேரப் போட்டு, ரெஜிஸ்டரத் தெறந்து, பழைய மைக்ரோஃபிலிம் உருட்டுற மாதிரி பக்கம் பக்கமா உருட்டணும். மொபைல் டேட்டால இந்த உருட்டு வேல நடக்காது, ஒவ்வொரு படமும் கனமான ஃபைலு, எங்க தெருவுல சிக்னல் ரெண்டு கோடுதான், பக்கம் ஒவ்வொண்ணும் மேல இருந்து கீழ பனிமூட்டம் வெலகுற மாதிரி வரும். ஃபைபர் உள்ள வீட்டுல உக்காந்து பாருங்க. செக் பதிவுக்கு நேரா பிராக் ஆவணக்காப்பகத்தோட சொந்த சைட்டே தெளிவா இருக்கு, அதுவும் இலவசம்.

ஒண்ணு மட்டும் ரொம்ப ரசிச்சேன். ஆட்ரியோட அப்பா அம்மா கல்யாணம் எங்க நடந்துச்சுன்னு நெனைக்கிய, 1926 செப்டம்பர்ல பட்டாவியால, அதாவது இப்ப ஜகார்த்தா. ரஸ்டன் அதுக்கு முன்னால ஜாவால செமராங் ஊர்ல கௌரவ பிரிட்டிஷ் கான்சலா இருந்தவரு. எல்லாவோட விவாகரத்தும் அந்த டச்சுக் கிழக்கிந்தியத் தீவுங்கள்ல, அதாவது இப்ப இந்தோனேசியால, இருக்கப்பதான். அந்தக் கால டச்சு காலனில வந்த பேப்பர் எல்லாம் டெல்பர்னு ஒரு சைட்டுல கெடக்கு, டச்சு தேசிய நூலகம் நடத்துறது, ஒரு பைசா கெடையாது, பேர அடிச்சா கப்பல்ல யாரு வந்தா யாரு போனான்னு பயணிகள் பட்டியல் வரைக்கும் மஞ்சக் கலர்ல கோடு போட்டுக் காட்டும். இத்தன சைட்டுல அஞ்சுக்கு அஞ்சு குடுக்குறதுன்னா இதுக்குத்தான். தூத்துக்குடிக்காரங்களுக்கு ஒரு கூடுதல் சுவாரசியம், பட்டாவியாவ தலைநகரா வச்சு ஆண்ட அதே டச்சுக் கம்பெனிதான் 1658-ல போர்ச்சுக்கீசுக்காரன்கிட்ட இருந்து தூத்துக்குடியப் புடுங்குனது, கம்பெனி திவாலாகி ஒழிஞ்ச பொறவும் ஊரு அவங்க கைக்கும் இங்கிலீஷ்காரன் கைக்குமா மாறி மாறி கெடந்து 1825-லதான் ஒரேயடியா விட்டுட்டுப் போனாவ. 1750-ல அவங்க கட்டுன பரிசுத்த திரித்துவ ஆலயம் இப்பவும் தூத்துக்குடில நிக்கி. அதனால டச்சு எழுத்தப் படிக்கப் பழகுனது எனக்கு வீண் போகாது, அடுத்து நம்ம கடற்கரைப் பக்கத்து ஆளுங்க பேரு எங்கயாவது வருதான்னு பாக்கணும்.

பெல்ஜியம் பக்கம் சுருக்கமா முடிச்சுக்கலாம், அங்கயும் பிறப்புப் பதிவு நூறு வருஷம் போனாத்தான் தெறப்பாவ, ஆட்ரி பிறந்தது 1929, கணக்குப் போட்டுக்கோங்க. வீட்டு விலாசம் ரூ கெயன்வெல்ட் 48-ஆம் நம்பர், அது மட்டும் ஊரறிஞ்ச விஷயம்.

ஆக எங்க வீட்டு வழக்குக்குத் தீர்ப்பு என்னன்னா, அப்பா வழில பிரிட்டிஷும் ஆஸ்திரியாவும், அம்மா வழில டச்சு பிரபு, பிறந்த மண்ணு பெல்ஜியம், அப்பா அம்மா கல்யாணம் ஆசியால. குடியுரிமை மட்டும் அப்பா மூலமா பிரிட்டிஷ். மதினிக்கு பாயிண்டு, ஆனா முழு பாயிண்டு இல்ல. ஸ்காட்லாந்து மட்டும் எங்கயும் இல்ல, பேர்ல தவிர.

மரத்துல வராத சங்கதியும் சொல்லணும், ஏன்னா இத வாங்குறவங்க, சரி வாங்குறவங்கன்னு சொல்லக் கூடாது, இத உபயோகிக்கிறவங்க மரம் முடிஞ்சா கத முடிஞ்சுதுன்னு நெனச்சுருவாவ. பெட்டிக்குள்ள பிறந்த தேதி, செத்த தேதி, நடுவுல ஒரு கோடு. அப்பா 1935-ல வீட்ட விட்டுப் போனது, அப்பாவும் அம்மாவும் 1930-கள்ல பிரிட்டிஷ் ஃபாசிஸ்டு கட்சி பக்கம் சாஞ்சு நின்னது, போர் வந்தப்ப அந்த அப்பாவ பிரிட்டிஷ் அரசாங்கமே உள்ள தூக்கிப் போட்டது, இதெல்லாம் எந்தப் பெட்டிலயும் கெடையாது. 1939 கடைசில அம்மா புள்ளைய ஆர்ன்ஹெம்முக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஹாலந்து தப்பிச்சுரும்னு நம்பி. அடுத்த வருஷமே ஜெர்மன்காரன் உள்ள வந்துட்டான். இங்கிலீஷ் பேரு ஆபத்துன்னு ஆட்ரிங்கிற பேர மறச்சு எட்டா வான் ஹீம்ஸ்த்ரான்னு கூப்புட்டாவ, அதனாலதான் இன்னைக்கும் பல எடத்துல பிறப்புப் பேரே எட்டான்னு தப்பாப் போட்டுருக்கும், மரத்துலயும் யாராவது வந்து மாத்தி வச்சுட்டுப் போவாவ. 1942 ஆகஸ்ட் 15-ல அம்மாவோட கூடப் பிறந்தவங்க வீட்டுக்காரரு, ஓட்டோ வான் லிம்பர்க் ஸ்டிரம், அவர பணயக் கைதியாப் புடிச்சு வச்சிருந்து சுட்டுக் கொன்னாவ. ஒரு இறப்புப் பதிவுல அது வெறும் தேதி. அதனால தேதி கெடச்ச ஒடனே அந்த வாரத்துப் பேப்பரத் தேடுங்க, நல்ல வாழ்க்கை வரலாறு ஒண்ணப் பக்கத்துல வச்சுக்கோங்க. அப்பாவ அந்தம்மா பல வருஷங் கழிச்சு செஞ்சிலுவைச் சங்கம் மூலமா டப்ளின்ல கண்டுபுடிச்சாங்க, அவரு செத்தது 1980-ல, அதுவும் டப்ளின்லதான்.

காசு கட்டுற சைட்டு வேணாமான்னு கேப்பிய. ஒண்ணு பாத்தேன், பேரு வேண்டாம். இலவச ட்ரயல்னு கார்டு நம்பர வாங்கிட்டுத்தான் உள்ளயே விட்டான், உள்ள போனா ஐரோப்பா பதிவுக்கு வேற திட்டம், அதுக்கு டாலர்ல ஒரு வெல. நான் பாத்த டச்சுப் பதிவு அம்புட்டும் அங்க காசுக்கு, வெளிய ஆவணக்காப்பகத்து சைட்டுல சும்மா. அந்த ட்ரயல ரத்து பண்ற பட்டனத் தேடுறது பொஹீமியா ரெஜிஸ்டர் படிக்கிறத விட கஷ்டமா இருந்துச்சு. இங்கிலாந்துல இருந்த குடும்பத்தத் தேடுறவங்களுக்கு வேணா காசு சைட்டு பிரயோஜனப்படும். எச்சில் துப்பி அனுப்புற டிஎன்ஏ டெஸ்டும் இப்படித்தான், இத்தன சதவீதம் இந்த நாடுன்னு வரைபடம் வரும், அந்த சதவீதம் கம்பெனி ஒப்பிட்டுப் பாக்குறதுக்குன்னு வச்சிருக்க ஆளுங்க கூட்டத்தப் பொறுத்தது, கூட்டம் மாறுனா சதவீதமும் மாறும். செத்துப்போன நடிகைக்கு எச்சிலுக்கு எங்க போறது, அத விடுங்க.

நம்ம ஜில்லாவுல இருக்கவங்களுக்கு இந்த சைட்டால ஆதாயம் உண்டாங்கிறதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. உண்டு, ஆனா யாருக்குன்னு பாக்கணும். ஃபேமிலிசர்ச்ல இந்தியா பிறப்பு ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு அடக்கம்னு மூணு தொகுப்பு இருக்கு, பெரும்பாலும் கம்பெனி காலத்துலயும் ராணி காலத்துலயும் இங்க இருந்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவங்க பதிவு. அப்ப மெட்ராஸ் மாகாணத்து கோயில் பதிவோட நகல் லண்டனுக்குப் போகும், அது இன்னைக்கு பிரிட்டிஷ் லைப்ரரில என்/2ங்கிற வரிசைல இருக்கு. பாளையங்கோட்டைல பட்டாளம் இருந்த காலத்து வெள்ளைக்கார சிப்பாய் குடும்பம், மிஷனரி குடும்பம் எல்லாம் அதுல தட்டுப்படும். தேடும்போது இப்ப உள்ள பேர அடிக்காதீங்க, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எழுதுன மாதிரி பாலம்கோட்டா, டின்னவேலி, டூட்டிகாரின்னு ஸ்பெல்லிங் மாத்தி மாத்திப் போடுங்க. பிரிட்டிஷ் இந்தியால இருந்த குடும்பங்களுக்குன்னே ஃபிபிஸ்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க அட்டவணையும் இலவசம், அதையும் கூட வச்சுக்கோங்க. ஊசிக் கோபுரம் பக்கமோ பழைய கல்லறைப் பக்கமோ நடக்கும்போது கல்லுல பாக்குற பேர வீட்டுக்கு வந்து தட்டிப் பாக்குறது எனக்கு இப்ப ஒரு பொழுதுபோக்கா ஆகிப்போச்சு.

மத்தவங்களுக்கு பெருசா ஒண்ணும் கெடைக்காது, இத மறைக்கிறதுல என்ன இருக்கு. ஹரித்துவார் பண்டாக்கள், அதாவது யாத்திரைப் பூசாரிங்க, வச்சிருக்க யாத்திரை வம்சாவளி ஏடெல்லாம் இதுல ஒரு தொகுப்பா இருக்கு, ஆனா அது வடக்க உள்ளவங்களுக்கு. நம்ம பக்கத்துல குலதெய்வம் எதுன்னு தெரியாமப் போச்சுன்னா சொரிமுத்தையனார் கோயிலுக்குத்தான் போறாவ, அதுக்கெல்லாம் சால்ட் லேக் சிட்டில சுருள் கெடையாது. பேர் போடுற கட்டமும் நமக்கு ஒத்துவராது, மொதப் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம் கேக்கும், அப்பா பேர இனிஷியலா வச்சிருக்க வீட்டுல தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப் பேரு மாறிகிட்டே போகும், மெஷினு முழிக்கும். கத்தோலிக்கங்க உங்க பங்குக் கோயில் ரெஜிஸ்டரக் கேட்டுப் பாருங்க, எங்க ஊர்ல சாமியாரு பொறுமையா எடுத்துக் காட்டுனாரு, ஞானப்பெற்றோர் பேரு வரைக்கும் இருக்கு.

கடைசியா ஒண்ணு. ஒரு பதிவப் படம் எறக்குனா படத்த மட்டும் எறக்காதீங்க. கீழ எந்த ஆவணக்காப்பகம், எந்த ரெஜிஸ்டர், எத்தனாவது படம்னு ஒரு வரி போட்டுருக்கும், அதையும் அப்படியே காப்பி பண்ணி ஃபைல் பேரோட சேத்து வச்சுக்கோங்க. இல்லன்னா ரெண்டு வாரங் கழிச்சு அதே பக்கத்த மறுபடி கண்டுபுடிக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும்.